கிரைப் வாட்டர் பாட்டிலில் இருந்தது

என்னால் சும்மா உட்கார முடியாது. அடுப்பில் பாலை வைத்தால் அது பொங்குவதற்குள் மூன்று முறை வாசலுக்குப் போய் வந்துவிடுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் மாமியார் சொல்வார். பிறந்தபோது அப்படி இல்லை. என் மகள் பிறந்த பிறகு வந்த ஆறு வாரங்களில் மாட்டிய சக்கரம் அது. இன்னும் கழலவில்லை.

நாங்கள் இருப்பது ஆவடியில், ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். கணவருக்கு அங்கே ஃபிட்டர் வேலை. எங்கள் பிளாக்கில் எட்டு வீடு. ஒன்றில் திருநெல்வேலிக்காரர்கள், ஒன்றில் தர்மபுரி, ஒன்றில் நாகர்கோவில், நான் திண்டிவனம். படிக்கட்டில் சண்டை என்றால் எல்லா ஊர்த் தமிழும் கேட்கும். ரகசியம் என்று வந்துவிட்டால் மட்டும் எட்டு வீட்டுக்கும் ஒரே காது. நான் முட்டை உடைத்தால் மேல் வீட்டம்மா, "இன்னைக்கு ஆம்லெட்டா?" என்று கேட்பாள். அப்படிப்பட்ட இடத்தில் நான் ஒரு நோயை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

கர்ப்பமான புதிதில் நகரத்துக்குள் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தேன். பக்கத்திலிருந்த அரசு மருத்துவமனையில் சேர்த்து எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். எனக்கு எச்.ஐ.வி. இருந்தது. கணவரையும் கூப்பிட்டுப் பார்த்ததில் அவருக்கும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று ஒரு மாதம் சண்டை போட்டோம். அதை இங்கே எழுதப் போவதில்லை. சண்டை போட்டுக் களைத்த பிறகு இருவருக்கும் ஒரே கேள்விதான் மிச்சம் இருந்தது: குழந்தைக்கு?

அந்த மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கென்று இருந்த நம்பிக்கை மையத்தில் ஒரு ஆலோசகர் இருந்தார். கண்ணாடி போட்ட அம்மா, படபடவென்று பேசுவார். அழுதால் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்து பேசுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

"நீங்க தினமும் மாத்திரை போடணும். ஒரு நாள் விடக் கூடாது. குழந்தை பொறந்ததுலேருந்து ஆறு வாரத்துக்கு தினம் ஒரு வேளை சிரப், ஒன்றரை மில்லி, சிரிஞ்சுல அளந்து. தாய்ப்பால் மட்டும் குடுங்க, வேற ஒண்ணும் வாயில வைக்கக் கூடாது. ஆறாவது வாரம் குதிகால்ல ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இதெல்லாம் சரியா செஞ்சா வராம இருக்கத்தாம்மா வாய்ப்பு அதிகம். ஒருவேளை வந்திருந்தா உடனே மருந்து ஆரம்பிச்சிடலாம். பச்சைக் குழந்தைக்கு அது வேகமா ஏறும். லேட் பண்றதுதான் ஆபத்து."

நாற்பத்திரண்டு நாள், நாற்பத்திரண்டு வேளை. தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது பின்பக்கம் எண்ணைக் குறித்து அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன். குவார்ட்டர்ஸ்காரர்களுக்கென்று எங்கள் தொழிற்சாலை எஸ்டேட்டிலேயே ஆஸ்பத்திரி உண்டு. நடந்தால் பத்து நிமிஷம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவர் அடுத்த பிளாக்கில் குடியிருக்கிறார், சீட்டு எழுதுகிற பெண் என்னோடு காய்கறி வாங்குகிறவள். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு, நிறைமாத வயிற்றோடு மின்சார ரயிலில் நகரத்துக்குப் போய் வந்தேன். கேட்டவர்களிடம் ரத்தசோகை என்று சொன்னேன். ரத்தசோகைக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. ஆளாளுக்கு முருங்கைக் கீரை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். எனக்குத் தாயும் இல்லை, போக வீடும் இல்லை. அதனால் மாமியார் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினார். ஒரு பையில் அவர் துணி, இன்னொரு பையில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், ஒரு உரைகல். குழந்தையைக் குளிப்பாட்டியதும் இதையெல்லாம் கல்லில் உரைத்து நாக்கில் தடவினால்தான் வயிறு சுத்தமாகும் என்பது அவர் கட்சி. தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்பது ஆலோசகர் அம்மாவின் கட்சி. நடுவில் நான்.

"அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று கணவர் கெஞ்சியிருந்தார். தெரிந்தால் தாங்கமாட்டார் என்றார். யார் தாங்கமாட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

மகள் பிறந்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, தலை நிறைய முடி. "உரைமருந்து வேணாம் அத்தை, டாக்டர் திட்டுவாங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அன்றிலிருந்து நான் கொடுக்கிற சிரப்பின்மேல் அவருக்குக் கண்.

"நான் குடுத்தா ஆகாது. அது மட்டும் என்னவாம்? என்ன மருந்து தாயி அது?"

"சத்து மருந்து அத்தை."

"எங்க, சீட்டக் காட்டு. மேல் வீட்டுப் புள்ள நர்ஸ் படிக்குதாம்ல, படிச்சுச் சொல்லச் சொல்லுவோம்."

அன்று மத்தியானமே பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டினேன். சுரண்டிய பாட்டிலைப் பார்த்தால் திருட்டுச் சாமான் என்று எழுதி ஒட்டியது போல இருந்தது. பழைய கிரைப் வாட்டர் பாட்டில் ஒன்று இருந்தது, பழுப்பு நிறம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கொதிநீரில் அலசிக் காயவைத்து, மருந்தை அதில் ஊற்றினேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்தேன். மாமியாருக்கும் திருப்தி. "கிரைப் வாட்டர் குடுக்கிறா. அதாச்சும் குடுக்கிறாளே" என்று படிக்கட்டில் எல்லோரிடமும் சொன்னார்.

எதிர் வீட்டில் என்னைவிட நாலு வயது சின்னவள் ஒருத்தி இருந்தாள். பூந்தமல்லிக்குப் பக்கம் சென்னீர்குப்பம் அவள் பிறந்த ஊர். அவளுடைய அப்பா அம்மா வயலில் கூலிக்குப் போனவர்கள். வயல் இருந்த இடமெல்லாம் இப்போது கம்பெனி. அவள் கணவனும் எங்கள் தொழிற்சாலையில்தான். அவளுக்கு மூன்று மாதத்தில் ஒரு ஆண்குழந்தை. என் மகளைவிட இரண்டு மாதம் மூத்தவன், பகலெல்லாம் வயிற்றுவலியில் கத்துவான்.

முப்பத்தோராம் நாள். காலை பத்து மணிக்கு நான் தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனேன். குளித்துவிட்டு வந்தால் மாமியார் எதிர் வீட்டிலிருந்து சிரித்த முகத்தோடு வருகிறார். ஒரு கையில் பாலாடை. இன்னொரு கையில் பழுப்பு பாட்டில்.

"அந்தப் பய வீல்வீல்னு கத்துறான். அவ கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கா. நம்ம கிரைப் வாட்டர ஒரு பாலாடை நெறய புகட்டிட்டு வந்தேன். கப்சிப்புனு ஆயிட்டான். ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும், தாயி."

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. என் குழந்தைக்கு ஒன்றரை மில்லி, அதுவும் சிரிஞ்சில் குமிழி இல்லாமல் தட்டித் தட்டி. அந்தக் குழந்தைக்கு ஒரு பாலாடை நிறைய.

கணவரைக் கூப்பிட வழியில்லை. தொழிற்சாலைக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் சங்கு ஊதும்வரை அவர் இருந்தும் இல்லாதவர். ஈரத் தலையோடு குளியலறைக்குள் திரும்பிப் போய், கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, ஆலோசகர் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அவர் முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "பயப்படாதீங்க. ஒரு தடவைதானே, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பெரும்பாலும்னு நான் போன்ல சொல்லக் கூடாது. டாக்டர் பார்க்கணும். பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க அந்தக் குழந்தையத் தூக்கிட்டு உடனே போங்க. பாட்டிலையும் எடுத்துட்டுப் போங்க. என்ன மருந்துன்னு சொல்லணும். மறைச்சீங்கன்னா அந்தக் குழந்தைக்கு என்ன பாக்கணும்னே அவங்களுக்குத் தெரியாது."

"சரி" என்றேன். போனை வைத்தேன். வைத்துவிட்டு நான் போகவில்லை.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். அரை மணி நேரம் நான் போகவில்லை. எதிர் வீட்டு ஜன்னல் தெரிகிற இடத்தில் நின்றேன், சமையலறைக்குப் போனேன், திரும்பி வந்து நின்றேன். சுத்தமாக இருந்த பாத்திரங்களை மறுபடி தேய்த்தேன். தூங்குகிறான், ஒன்றும் ஆகாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மாலைக்குள் எட்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருக்கும், திருநின்றவூர் தாண்டி எங்காவது வாடகைக்குப் போக வேண்டும், அங்கிருந்து மருந்துக்கு ரயிலில் எவ்வளவு நேரம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். என் குழந்தையைத் தூக்கினேன், படுக்க வைத்தேன், மறுபடி தூக்கினேன். ஜன்னலில் தூளி அசைவது தெரிந்தது. பிறகு அசைவது நின்றது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

அவள் முறத்தில் அரிசி வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"வாக்கா. உன் மாமியா மகராசி. குட்த்ததும் கம்முனு தூங்கிட்டான். இன்னாக்கா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"அது கிரைப் வாட்டர் இல்ல" என்றேன். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. என் குழந்தைக்கு வராம இருக்கக் குடுக்கிற மருந்து அது. பேர் தெரியாம இருக்க மாத்தி ஊத்தி வெச்சிருந்தேன்."

அந்த வார்த்தையைக் கணவரிடமும் மருத்துவமனையிலும் தவிர வேறெங்கும் நான் சொன்னதில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முதலில் தூளிக்குப் போய்க் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"என் புள்ளைக்கு அது வந்துடுமா?"

"இல்ல. மருந்தால நோய் வராது. ஆனா அளவு ஜாஸ்தி. டாக்டர்கிட்ட காட்டணும். இப்பவே."

"அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீற? கெளம்பு."

என் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். பத்து மாதமாக நான் ஒதுங்கிப் போன அதே எஸ்டேட் ஆஸ்பத்திரி. என்னோடு காய்கறி வாங்குகிறவள் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "என்ன கம்ப்ளெயிண்ட்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வீட்டுக்காரி சொன்னாள்: "கிரைப் வாட்டர் ஜாஸ்தியா குட்த்துட்டோம். சீக்கிரம் எழுது."

உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். என்னைப் பார்த்து, "இப்ப சொல்லு" என்றாள்.

டாக்டர் ஒரு பெண். பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். மருந்தின் பெயரைச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் யாருக்கோ போன் செய்து பேசினார். குழந்தைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம்வரை இங்கேயே இருக்கட்டும், நாளை மறுபடி வரட்டும், உடம்பில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே தூக்கி வாருங்கள் என்றார். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை மணிக்குக் குடுத்தாங்க?"

"பத்து மணிக்கு மேல."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"அப்பவே" என்றேன்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரியும் பார்த்தாள். அவள் மடியிலிருந்த குழந்தையை என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டாள்.

நடுவில் இரண்டு முறை வீட்டுக்கு ஓடி என் மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் பசித்துக் கத்தினான், பால் குடித்தான், மறுநாளும் நன்றாக இருந்தான். படிக்கட்டில் ஏறும்போது அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "இனிமே எங்க ஊட்டுப் பக்கம் வராத."

அன்று மாலை கேட்டில் போன் கைக்கு வந்து விஷயம் தெரிந்ததும், புதுப் பாட்டில் வாங்கக் கணவர் அங்கிருந்தே நேராக நகரத்துக்கு ஓடினார். அன்றைய வேளையைத் தவறவிடாமல் கொடுத்தோம். ஆலோசகர் அம்மா போனில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றுவது எவ்வளவு பெரிய தப்பு என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அந்தத் திட்டு தேவையாக இருந்தது. மாமியாரிடம், அது எங்கள் குழந்தைக்கு மட்டும் கொடுத்த வீரியமான மருந்து, மஞ்சள்காமாலைக்கு என்று சொன்னோம். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. உரைகல்லைப் பையில் கட்டி வைத்துவிட்டார். அவருக்கு இன்றுவரை உண்மை தெரியாது. தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாரோ என்றும் சில நாள் தோன்றும்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் கதவைத் திறக்குமுன் நின்று கேட்பேன், படிக்கட்டில் என்ன பேசுகிறார்கள் என்று. மேல் வீட்டம்மா சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டாலும் அப்படியே நினைப்பேன். ஒரு வாரம் போயிற்று. எட்டு வீட்டுக்கும் இருந்த அந்த ஒரே காதில் எதுவும் விழவில்லை. மேல் வீட்டம்மா வழக்கம்போல முருங்கைக் கீரை கொண்டுவந்தாள்.

நாற்பத்திரண்டு காலண்டர் தாளும் அரிசி டப்பாவில் சேர்ந்தன. தடுப்பூசி என்று சொல்லிவிட்டு ரயிலேறினோம். மகளின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு அட்டையில் அச்சிட்டிருந்த வட்டங்களுக்குள் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வாங்கினார்கள். அவள் ஒரு தடவை வீறிட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அட்டை காய்ந்ததும் உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், பதில் வரச் சில வாரமாகும் என்றார்கள். அந்தச் சில வாரம் நான் வீட்டைக் கழுவினேன். கழுவிய வீட்டை மறுபடி கழுவினேன். குழந்தை தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட கை சூடா நெற்றி சூடா என்று தெரியாமல் மாமியாரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

அப்படி ஒரு நாள் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கீழே கேஸ்காரர் மணியடித்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அவள் குழந்தையோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். ஒரு மாதமாக நாங்கள் பேசவில்லை.

"சிலிண்டர் வந்துகீது. இவனப் புடி" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவன் என் ஈரக் கையில் கனமாக இருந்தான். நான் அழுதேன், அவனும் என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தான். அவள் திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள். வாசற்படியில் நின்றபடியே மெதுவான குரலில் சொன்னாள்.

"நோவுக்காக நான் பேசாம இல்லக்கா. நோவு யாருக்கு வேணா வரும். நீ தெரிஞ்சிகினே ஊட்ல நின்ன பாரு, அதுக்காகத்தான்."

"தெரியும்" என்றேன்.

அந்த முதல் பதிலில் நோய் இல்லை என்று வந்தது. ஆலோசகர் அம்மா சந்தோஷப்பட விடவில்லை. இன்னும் பால் குடிக்கிறாள், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், கடைசியாகப் பதினெட்டாம் மாதம் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். அதன்படியே பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதே ரயில், மையத்து வாசலில் அதே பெஞ்ச். அந்த பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் குழந்தைக்கு இருந்தது. ஆறு வாரத்திலேயே கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த தடவை பார்த்தபோது அந்தக் குழந்தை என் மகளைவிடக் கொழுகொழுவென்று இருந்தது, என் மகளின் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றது. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பதினெட்டாம் மாதப் பதிலை வாங்கிக்கொண்டு வந்த அன்று, நான் தட்டுவதற்குமுன் எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"இன்னா சொன்னாங்க?"

இன்று போகிறேன் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"என் புள்ளைக்கு ரெண்டு மாசம் சின்னதுதான உன் பொண்ணு. பதினெட்டு மாசம்னு நீதான அன்னிக்கு சொன்ன, நானும் எண்ணிகினுதான் கீறேன். இன்னா சொன்னாங்க, சொல்லு."

"இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான்தான் உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

என் மகள் இப்போது முதல் வகுப்பு. நானும் அவரும் தினமும் மாத்திரை போடுகிறோம், நன்றாக இருக்கிறோம். எதிர் வீட்டில் போன மாதம் இரண்டாவது குழந்தை பிறந்தது. போன வாரம் ஒரு மத்தியானம் அது கத்திய கத்தலில் பிளாக்கே அதிர்ந்தது. அவள் வாசலில் வந்து கூப்பிட்டாள். "யக்கா, கிரைப் வாட்டர் கீதா?"

வீட்டில் இல்லை. செருப்புப் போடாமல் ஓடினேன். கேட்டுக்கு வெளியே இருக்கிற மருந்துக் கடையில் புதுப் பாட்டில் வாங்கி, ஓடி வந்து, மூச்சு வாங்க அவள் முன்னால் நீட்டினேன். சீல் உடையாமல் இருப்பதைக் காட்டினேன். ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். அவள் இரண்டையும் பார்க்கவில்லை. குழந்தையை மடியில் சாய்த்து, பாலாடையை என் பக்கம் நகர்த்தினாள்.

"என்கிட்ட இன்னாத்துக்குக் காட்டிகினு கீற? நீயே குடு."